சேப்பாக்கத்துச் சத்தம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வானிலைதான் காரணமா?

மொட்டைமாடி மணி:
வீடு சிந்தாதிரிப்பேட்டையில். சேப்பாக்கம் மைதானம் நேர்க்கோட்டில் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். ஐபிஎல் சமயத்தில் ராத்திரி மொட்டைமாடியில் பாயை விரித்து மொபைலில் மேட்ச் பார்ப்பேன். இதில் ஒரு தொல்லை உண்டு. மொபைலில் பவுலர் அப்போதுதான் ஓடி வரத் தொடங்கியிருப்பார், அதற்குள் தென்கிழக்கிலிருந்து "ஓ..." என்று ஓர் இரைச்சல் வந்து சேரும். சிக்ஸர் என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பந்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

ஆனால் எல்லா நாளும் இப்படி இல்லை. மைதானம் நிரம்பி வழிகிறது, டிவியில் காதைப் பிளக்கிறது, எங்கள் மாடியிலோ மாநகரப் பேருந்து போகிற சத்தம்தான். கூட்டம் அதேதான், தோனி அதேதான், ஒன்றும் வருவதில்லை. இதற்கும் வானிலைக்கும் தொடர்பு உண்டா? இன்னொன்று. சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கத்தில் மைதானத்துக்குள்ளேயே சத்தம் மந்தமாகும் என்று நண்பன் சொல்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விசில் வேலு:
சத்தம் வராத நாளெல்லாம் நாம் பேட்டிங் செய்த நாளாக இருக்கும். ஸ்கோர்கார்டைப் பாருங்கள் ப்ரோ, காற்றைப் பார்க்காதீர்கள்.

திருவல்லிக்கேணிக்காரன்:
தம்பி மணி, எங்கள் கதை உங்களுக்கு நேர்மாறு. பார்த்தசாரதி கோயில் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். மைதானத்துக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டர் இருக்கும். உங்களுக்குக் கேட்கிற ஏப்ரல், மே மாத ராத்திரிகளில் எங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கேட்பதில்லை. எங்களுக்குக் காது நிறையக் கேட்டதெல்லாம் பொங்கல் டெஸ்ட்தான். 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக விஸ்வநாத் 97 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற அன்று தெருவே மைதானத்துக்குள் இருந்த மாதிரிதான். 1988 ஜனவரியில் ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தாரே, அப்போதும் அப்படித்தான். வாடைக்காற்று அடிக்கிற மாதம் அது.

அந்தக் காலத்தில் இந்த மொபைல் தொல்லை தலைகீழாக இருந்தது. டிரான்சிஸ்டரில் வர்ணனையாளர் "அவுட்" என்று கத்துவார். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் வடக்கேயிருந்து கூச்சல் வரும். ரேடியோ முந்தும், காற்று பிந்தும். இப்போது காற்று முந்துகிறது, இண்டர்நெட் பிந்துகிறது. முன்னேற்றம்தான் போங்கள்.

அலைநீளம்:
கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். நீங்கள் இருவரும் சொன்னதை ஒன்றாக வைத்துப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடுகிறது.

முதலில் ஒன்று. காற்று சத்தத்தைச் சுமந்து வருகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். சென்னை வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. கடற்காற்றின் வேகம் ஐந்தாறு மீட்டர். அது கூடினாலும் குறைந்தாலும் சத்தம் ஒரு கண்ணிமைப்பு முன்பின் வருமே தவிர, அதனால் கூடவோ குறையவோ செய்யாது. அப்படியானால் எது மாற்றுகிறது? காற்று தரையை ஒட்டி மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசுகிறது என்பதுதான். கீழே கட்டிடமும் மரமும் தடுக்கின்றன. காற்று போகும் திசையிலேயே போகிற ஒலி அலையின் மேல்பகுதி கீழ்ப்பகுதியை முந்துகிறது. ஒரு பக்கச் சக்கரம் மணலில் மாட்டிய மாட்டுவண்டி அந்தப் பக்கமாகவே திரும்புமே, அதுபோல அலையும் தரையை நோக்கி வளைகிறது. மைதானத்திலிருந்து வானத்துக்குப் போக வேண்டிய சத்தம் உங்கள் மாடியில் வந்து இறங்குகிறது.

காற்றை எதிர்த்துப் போகும் சத்தத்துக்கு இது தலைகீழ். அலை மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேல் போய்விடும். சில நூறு மீட்டர் தாண்டினால் தரையில் ஒலி நிழல் விழுகிறது. நிழலுக்குள் இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் 20 டெசிபெல் (சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு) வித்தியாசம் வருவது சாதாரணம். ஒரே கூச்சல் ஒருவருக்குத் தெளிவாகக் கேட்கும், இன்னொருவருக்கு ஆட்டோ சத்தத்தில் காணாமல் போகும்.

இனி திசையைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. சிந்தாதிரிப்பேட்டை மைதானத்துக்கு வடமேற்கே. மணி அந்தக் காற்றுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து. அது தெற்கிலும் தென்மேற்கிலும் இருக்கிற திருவல்லிக்கேணிக்குத் தோது. கடற்காற்று உள்ளே வராமல் மேற்கிலிருந்து வரும் மேல்காற்றே ராத்திரி வரை சுட்டெரிக்கிற நாள்கள் மே கடைசியில் உண்டல்லவா? அன்றைக்கு மணியின் மாடியில் நிசப்தம்தான்.

வெப்பநிலையும் இதே வேலையைச் செய்யும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். பகலில் தார்ச்சாலையை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு, ஆகவே சத்தம் மேலே வளைந்து தொலைகிறது. கடற்காற்று வந்த பிறகு கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேல் பகலின் வெந்த காற்று. இப்போது சத்தம் கீழே வளைகிறது. அதனால் மாலையில் அவருக்கு இரட்டை லாபம்.

மொட்டைமாடி மணி:
சார், அருமை. அப்படியென்றால் ஒரு சின்னச் சந்தேகம். எங்களுக்கு வருவது "ஓ" மட்டும்தான். விசில் வருவதே இல்லை. விசில் போடு என்று ஊரே சொல்கிறதே, அந்த விசில் எங்கே போகிறது?

அலைநீளம்:
காற்று தின்றுவிடுகிறது. விசிலின் ஒலி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு. கூட்டத்தின் "ஓ" சில நூறு ஹெர்ட்ஸ். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் 250 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து காற்று கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல்தான் பறிக்கும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 23 டெசிபெல். உங்கள் தூரத்துக்கு அது 40-ஐ நெருங்கும். தூரத்தால் வழக்கமாகக் குறைவது தனி. விசில் வாலாஜா சாலையைத் தாண்டுவதே பெரிது.

நடுவரிசை:
ஈரப்பதம் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். மணியின் நண்பர் சொன்னது சரிதானே? ஈரக்காற்று கனமானது. கனமான காற்றில் சத்தம் அமுங்கத்தானே செய்யும்? மழைக்காலத்தில் தவில் தோல் அமுங்குகிற மாதிரி.

அலைநீளம்:
தவில் அமுங்குவது தோல் ஈரத்தை இழுத்துத் தொய்வதால். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஈரக்காற்று வறண்ட காற்றைவிட லேசானது. நீராவி மூலக்கூறு, நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும்விட இலகு. புழுக்கம் கனமாகத் தோன்றுவது வியர்வை காயாததால்தான்.

சத்தத்தைத் தின்பதில் வறண்ட காற்றுதான் பெரும்பசிக்காரன். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதமானால் 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 15 டிகிரி, 20 சதவீதம் என்றால் கிலோமீட்டருக்கு 89 டெசிபெல். ஆக, விசிலுக்கு ஏற்ற காற்று ஜெய்ப்பூரில் அல்ல, சென்னையில்தான் இருக்கிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ஆட வேண்டாம். மைதானத்துக்குள் எதிர்ப்பக்க ஸ்டாண்ட் இருப்பது 150, 200 மீட்டரில். அந்தத் தூரத்தில் கூட்டத்தின் "ஓ" எந்த ஊரில் எந்த ஈரத்தில் இருந்தாலும் அரை டெசிபெல்கூட மாறாது. விசில் மட்டும் சில டெசிபெல் மெலியும். மைதானத்துக்கு வெளியே வானிலை ராஜா. உள்ளே அது காற்றை வைத்து ஒன்றும் செய்வதில்லை.

டி ஸ்டாண்ட் தேவி:
உள்ளே ஒன்றும் செய்வதில்லையா? ஏப்ரலில் மூன்றரை மணி மேட்சுக்கு வந்து பாருங்கள் சார்!

நான் வருடா வருடம் போகிறவள். மதிய ஆட்டத்தில் மேற்கு வெயில் எதிரே அடிக்கிற வரிசைகளில் நாற்காலியே கொதிக்கும். டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் படிக்கட்டுக்குக் கீழே, நிழலில், மோர் கிடைக்குமா ஜூஸ் கிடைக்குமா என்று நிற்பார்கள். உட்கார்ந்திருப்பவர்களும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விக்கெட் விழுந்தால் எழுந்து கத்துவதோடு சரி. சும்மா இருக்கும்போது நடக்கிற அந்தப் பாட்டு, கைதட்டல், "சிஎஸ்கே சிஎஸ்கே" எதுவும் இருக்காது. தொண்டை வறண்டால் எங்கிருந்து கத்துவது? ஐந்தரை, ஆறு மணிக்கு வெயில் ஸ்டாண்டை விட்டு இறங்கியதும் பார்க்க வேண்டுமே. யாரோ வால்யூமைத் திருகினாற்போல் ஏறும். ஆட்டத்தில் ஒன்றுமே நடந்திருக்காது, ஒரு ஓவரில் மூன்று சிங்கிள்தான் போயிருக்கும். ஆனாலும் கூட்டம் கத்தும்.

அதனால் வானிலை உள்ளேயும் வேலை செய்கிறது. காற்று வழியாக அல்ல, எங்கள் உடம்பு வழியாக.

அலைநீளம்:
தேவி மேடம் சொல்வதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. கூட்டம் பாதியாகக் குறைந்தால் சத்தம் பாதியாகாது. 3 டெசிபெல்தான் குறையும், காது அதைக் கொஞ்சம்தான் உணரும். ஆனால் ஒரு மனிதர் சாதாரணமாகக் குரலை உயர்த்துவதற்கும் தொண்டை கிழியக் கத்துவதற்கும் இடையே 15, 20 டெசிபெல் இருக்கிறது. வெயில் ஆட்களை விரட்டுவதால் போவது கொஞ்சம். இருப்பவர்களின் உற்சாகத்தைக் கரைப்பதால் போவதுதான் பெரிது.

கூம்புக்குழாய்:
தென்காசிப் பக்கம் மைக்செட் தொழில். அப்பா காலத்திலிருந்து செய்கிறோம். சார் ஒலி நிழல் என்று சொன்னதை நாங்கள் ஆடி மாதக் கோயில் கொடையில் கற்றுக்கொண்டோம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இரைந்துகொண்டு வரும். அந்த நேரத்தில் கூம்புக்குழாயைக் கிழக்கே திருப்பிக் கட்டினால் அடுத்த ஊர்க்காரன் தூக்கம் கெட்டது என்று சண்டைக்கு வருவான். மேற்கே திருப்பினால் பக்கத்துத் தெரு ஆள்கூட "பாட்டு போடலையா அண்ணே" என்று கேட்பான். வாட்ஸைக் கூட்டிப் பயனில்லை. குழாயை உயரத்தில் கட்டி வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்தால்தான் ஓரளவு சரியாகும்.

டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) நடக்கிறதும் இந்த ஜூன், ஜூலைக் காற்றில்தான். திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில் சேப்பாக்கம் மாதிரி உயரமான ஸ்டாண்ட் கிடையாது, திறந்தவெளி. காற்று வீசி வீசி அடிக்கும்போது அறிவிப்பாளர் குரல் பிய்ந்து பிய்ந்து வரும். ஒரு வார்த்தை கேட்கும், அடுத்தது கேட்காது. எதிர்ப்பக்கக் கூட்டத்தின் கைதட்டலும் அப்படித்தான் அலை அலையாக வரும். சிமெண்ட் கிண்ணம் மாதிரிச் சுற்றிக் கட்டிய மைதானத்தில் உட்கார்ந்து "காற்று ஒன்றும் செய்யாது" என்று சொல்வது சுலபம்.

சியாட்டில் சாரல்:
கிண்ணம் என்றதும் எங்கள் ஊர் லூமன் ஃபீல்டு ஞாபகம் வந்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்து மைதானம், 2002-ல் திறந்தார்கள். சியாட்டிலில் மழை எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. அதனால் இருபுறமும் வளைந்த பெரிய கூரைகள். இருக்கைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் அதற்குள் வந்துவிடும். அந்தக் கூரை கூச்சலையும் ஆட்டக்களத்தை நோக்கித் திருப்பி அனுப்புகிறது. எதிரணி வீரர்கள் பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காமல் ஆட்டம் தொடங்குமுன்பே அசைந்து தண்டனை வாங்குவது இங்கே சகஜம். எங்கள் ஊர்ச் சத்தத்தில் வானிலையின் பங்கு என்றால் அது இந்தக் கூரைதான்.

2013 செப்டம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஆட்டத்தில் 136.6 டெசிபெல் என்று கின்னஸ் சாதனை பதிவானது. அதே ஆட்டம் மின்னல் காரணமாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டது! நனைந்து, காத்திருந்து, திரும்ப வந்து உட்கார்ந்த கூட்டம் போட்ட சத்தம் அது. அக்டோபரில் கேன்சஸ் சிட்டிக்காரர்கள் 137.5 என்று பறித்துக்கொண்டார்கள். டிசம்பர் 2 அன்று நாங்கள் 137.6 என்று திரும்ப வாங்கினோம்.

விசில் வேலு:
அப்புறம் 2014 செப்டம்பர் 29 அன்று கேன்சஸ் சிட்டி ஏரோஹெட் 142.2 எடுத்துக்கொண்டு போனதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே ப்ரோ. ஏரோஹெட்டுக்குக் கூரையே கிடையாது. திறந்த மைதானம். உங்கள் கூரை தியரி என்ன ஆச்சு?

சியாட்டில் சாரல்:
வலிக்கிற இடத்தில் குத்துகிறீர்கள். ஆனால் அந்த அளவீடுகளைக் கருவியோடு கூட்டத்தின் பக்கத்திலேயே போய் நின்று எடுக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் சில மீட்டரில் ஆயிரக்கணக்கானோர் கருவியைப் பார்த்துக் கத்தும்போது கூரைக்கு என்ன வேலை? அது சாதனைக்காகக் கத்துகிற சத்தத்தின் உச்சி. மைதானத்தின் நடுவில் நிற்கிற வீரர் காதில் விழுவது வேறு கணக்கு. அங்கேதான் கூரை பேசும்.

இங்கே குளிரைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டிசம்பர் ஆட்டங்களில் எல்லோர் கையிலும் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு கைதட்டிப் பாருங்கள், தலையணையைத் தட்டுகிற சத்தம்தான் வரும். கைதட்டல் செத்துப்போவதால் கூட்டம் வாயாலும் காலாலும் ஈடுகட்டும். அலுமினியப் பலகை இருக்கை உள்ள மைதானங்களில் காலால் உதைக்கிற சத்தம் வாய்ச் சத்தத்துக்குச் சமமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக கிரீன் பே நகரில் 1967 டிசம்பர் 31 அன்று நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். நடுவரின் உலோக விசில் உதட்டோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் நடுவர்கள் விசிலே ஊதாமல் வாயால் கத்தித்தான் ஆட்டத்தை நடத்தினார்கள். இடைவேளையில் வாசிக்க வந்த பேண்டு குழுவின் குழல்கள் உறைந்துபோய் நிகழ்ச்சி ரத்து. ஐம்பதாயிரம் பேர் அதிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நடுவரிசை:
நம் ஊர் நடுவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சேப்பாக்கம் கூரையைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2011 உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டிய ஸ்டாண்டுகளின் மேல் வெள்ளைக் கூடாரத் துணிதானே இருக்கிறது. பழைய கூரையும் பார்வையை மறைத்த தூண்களும் போய்விட்டன. கடற்காற்று உள்ளே புகுந்து வரும்படி அமைத்தார்கள் என்று அப்போது பேசினார்கள். சத்தத்துக்கு அந்தத் துணிக் கூரை நல்லதா கெட்டதா?

அலைநீளம்:
இரண்டும். மெல்லிய துணி கீழ் சுருதிச் சத்தத்தைத் தடுக்காது, அது ஊடுருவிப் போய்விடும். கீச்சென்ற சத்தத்தை ஓரளவு திருப்பி அனுப்பும். ஆக, விசில் உள்ளேயே சுற்றும், "ஓ" வெளியே கசியும். மணியின் மாடிக்கு வருவது அந்தக் கசிவு. பழைய கான்கிரீட் கூரை இரண்டையும் அடித்துத் திருப்பியிருக்கும்.

திருவல்லிக்கேணிக்காரன்:
அந்தப் புதிய ஸ்டாண்டுகளில் ஐ, ஜே, கே மூன்றும் 2012-லிருந்து பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தனவே. அப்போது டிவியில் பார்க்கும்போது பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். காதுக்கு என்ன வித்தியாசம் என்று நான் கவனிக்கவில்லை, கண்ணுக்குத்தான் உறுத்தியது.

மஞ்சள் மழைக்கோட்டு:
மழை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் சொல்கிறேன். 2023 ஐபிஎல் இறுதிப் போட்டிக்கு அகமதாபாத் போயிருந்தேன். மே 28 ஞாயிறு முழுக்க மழை, டாஸ்கூடப் போடவில்லை, மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். ரயில் நிலையத்தில் மஞ்சள் ஜெர்சியோடு தரையில் படுத்துத் தூங்கியவர்களில் நானும் ஒருவன். திங்கள் ராத்திரி குஜராத் பேட்டிங் முடிந்து சென்னை இறங்கியதும் திரும்ப மழை. 15 ஓவரில் 171 என்று மாற்றிக் கொடுத்து நள்ளிரவுக்கு மேல் ஆட்டம் தொடங்கியது.

இங்கே கவனித்ததைச் சொல்கிறேன். மழை பெய்யும்போது ஒரு மாதிரி மந்தமான இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். எல்லோரும் தலையை மூடிக்கொண்டு குனிந்திருப்பார்கள். தலைமூடி காதோடு உரசுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. கேட்காதவன் கத்தமாட்டான். பக்கத்து ஆள் கத்துகிறானா என்று தெரிந்தால்தானே நமக்கும் வாய் திறக்கும்? மழை விட்டு, மைதான ஊழியர்கள் கவரை ஒரு மூலையில் மடிக்கத் தொடங்கினார்களே, அதற்கு விழுந்த கைதட்டல் எந்தப் பேட்ஸ்மேனுக்கும் விழாதது. அன்றைய மாலையில் சத்தம் சட்டென்று ஏறியது அந்தத் தார்ப்பாய்க்குத்தான்.

கடைசி இரண்டு பந்தில் 10 வேண்டும். மோகித் சர்மா பந்தில் ஜடேஜா சிக்ஸ், அடுத்தது ஃபோர். மணி ஒன்றரை. நிறையப் பேர் முன்பே கிளம்பிவிட்டார்கள், மீதி இருந்தவர்கள் இரண்டு நாள் தூங்காதவர்கள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கூட்டம் குறைந்தாலும் சத்தம் அவ்வளவாகக் குறையாது என்று அலைநீளம் சார் சொன்ன கணக்கை அன்றைக்குக் காதால் கேட்டேன்.

டி ஸ்டாண்ட் தேவி:
அண்ணா, அந்தத் தார்ப்பாய் கைதட்டல் சத்தியமான வார்த்தை. சேப்பாக்கத்திலும் அப்படித்தான். தண்ணீரை உறிஞ்சும் சூப்பர் சாப்பர் வண்டி ஒரு சுற்று ஓடினால் போதும், விசில்தான்.

நடுவரிசை:
பனிமூட்டத்தில்? பனியில் சத்தம் அமுங்கும் என்று பாட்டி சொல்வார். அதாவது சரியா?

அலைநீளம்:
பனிமூட்டத்தின் நீர்த்துளிகள் கேட்கும் ஒலியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மூடுபனி இறங்கும் நேரத்தில் காற்று அசையாது, தரை குளிர்ந்திருக்கும், மேலே கொஞ்சம் வெதுவெதுப்பு. சத்தம் தொலைவு போக வசதியான சூழல்தான். வண்டிப் போக்குவரத்து குறைந்துவிடுவதால் ஊரே அமுங்கினதாகத் தோன்றும். தரையில் புதிதாக விழுந்த வெண்பனி வேறு விஷயம், அது உண்மையாகவே சத்தத்தை உறிஞ்சும்.

பனிமூட்டம் என்றால் லண்டன் கதை ஒன்று இருக்கிறது. 1937 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சிக்கும் சார்ல்டனுக்கும் கால்பந்து ஆட்டம். மூடுபனியில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார், எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். சார்ல்டன் கோல்கீப்பர் சாம் பார்ட்ரம் மட்டும் கால்மணி நேரம் கோல் கம்பத்துக்கு முன்னால் காவல் நின்றார். தன் அணி எதிர்ப்பக்கத்தில் முற்றுகை போடுகிறது, அதனால்தான் பந்து வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பனிக்குள்ளிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து விஷயத்தைச் சொன்னார். நம் ஆளாக இருந்தால் கூட்டத்துச் சத்தம் நின்றதுமே சந்தேகப்பட்டிருப்பான் என்று வகுப்பில் சொல்வேன்.

விசில் வேலு:
கூட்டம் இல்லை என்றால் நம் ஆள் முதலில் கேண்டீனுக்குப் போயிருப்பான்.

மொட்டைமாடி மணி:
இவ்வளவு பேசிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மொபைலில் டெசிபெல் காட்டுகிற செயலி ஒன்றை இறக்கியிருக்கிறேன். 2024-ல் லக்னோவில் தோனி இறங்கியபோது லக்னோ அணி வீரர் குவின்டன் டி காக்கின் மனைவி ஸ்மார்ட்வாட்சில் 95 டெசிபெல் எச்சரிக்கை வந்ததைப் படம் போட்டிருந்தாரே, அந்த மாதிரி. அதே மாதம் சேப்பாக்கத்தில் தோனி வரும்போது கொல்கத்தா அணியின் ரஸல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார், அங்கே எவ்வளவு இருந்திருக்கும்! அடுத்த சீசனில் மாடியில் வைத்து, காற்றின் திசையையும் எழுதி, மேட்சுக்கு மேட்ச் ஒப்பிடலாம் என்று யோசனை. வேலைக்கு ஆகுமா?

கூம்புக்குழாய்:
ஆகும் தம்பி, ஆனால் இரண்டு மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் காற்று மொபைலின் மைக் துளையில் நேராக அடித்தால் அதுவே பெரிய சத்தமாகப் பதிவாகும். கூட்டமே இல்லாத நாளில்கூட அளவு எகிறிக் காட்டும். உங்களுக்குச் சத்தம் நன்றாக வருகிற நாளும் காற்று அடிக்கிற நாளும் ஒன்றுதான் என்பதால் இது உங்களை நன்றாக ஏமாற்றும். டிவிக்காரர்கள் எல்லைக்கோட்டில் வைக்கிற மைக்கின் மேல் நாய்முடி மாதிரி சடை சடையாக ஓர் உறை பார்த்திருப்பீர்கள். அது இதற்குத்தான். உங்களுக்கு ஒரு பஞ்சு உறை போதும், மைக் துளையை அடைக்காமல் மேலே சுற்றிக் கட்டுங்கள். கைப்பிடிச் சுவர் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள்.

உச்ச அளவைப் பார்க்காதீர்கள். ஒரு பைக் ஹாரன் அடித்தால் முடிந்தது. ஒரு நிமிடச் சராசரியை எடுங்கள். உங்கள் தூரத்தில் விசில் வராது, "ஓ" மட்டும்தான் என்று சார் சொன்னார். செயலியில் அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி இருந்தால் 250, 500 ஹெர்ட்ஸ் கட்டங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பேருந்து எஞ்சின் அதற்குக் கீழே தங்கிவிடும்.

டிவி சத்தத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். அங்கே ஒருவர் மிக்ஸரின் முன் உட்கார்ந்து கூட்டத்து மைக்கை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். 2020-ல் துபாயில் காலி மைதானத்திலேயே பதிவு செய்த கூச்சலைப் போட்டு ஓட்டினார்களே.

திருவல்லிக்கேணிக்காரன்:
மணி, நீங்கள் வடமேற்கில் ஒன்று வையுங்கள். எங்கள் மாடியில் தெற்கே ஒன்று வைக்கப் பேரனிடம் சொல்கிறேன். ஒரே மேட்ச், ஒரே நிமிடம், இரண்டு பக்கமும். செயலியின் பெயரை மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவன் வேறு ஏதாவது இறக்கிவிடுவான்.

அலைநீளம்:
ஒரே மாடல் மொபைலாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் முதலில் இரண்டையும் ஒரே மாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். காற்றின் திசைக்கு நுங்கம்பாக்கம் வானிலை நிலைய அளவை மட்டும் நம்ப வேண்டாம், கடற்காற்று அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மாடியில் கொடிக்கயிற்றில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள்.